எதிர்க்கேள்வி கேக்க ஒரு ஆள் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் அரசு ஆஸ்பத்திரியில 29 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா வேலை பாத்து ரிட்டயர் ஆனவ, திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருக்கேன். பேப்பருக்கு கடிதம் எழுதி ரொம்ப வருஷம் ஆச்சு, ஆனா ஏஐ கிட்ட வைத்தியம் கேக்கறத பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சதுல இருந்து மனசு ஆறவே இல்ல. அதுல ஒரு வரி, நோயாளிங்க கேக்கற கேள்விக்கு டாக்டர்கள விட ஏஐ தான் நல்லா பதில் சொல்லுதுன்னு அமெரிக்க ஆராய்ச்சியில நிரூபணம் ஆயிடுச்சுன்னு. அந்த ஒரு வரிய மட்டும் கட் பண்ணி எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க, கீழ ஒருத்தர் "இனிமே ஓபி கியூல கால் கடுக்க நிக்க வேணாம்"னு எழுதி இருக்காரு, அதுக்கு இருபது பேரு கைதட்டு போட்டிருக்காங்க, அந்த இருபது பேர்ல பாதி பேருக்கு சுகரும் பிபியும் இருக்குன்னு எனக்கு தெரியும், நானே பாத்து விட்டிருக்கேன்.

எங்க அக்கா மக காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி நடத்துறா. அவகிட்ட சொல்லி அந்த ஆராய்ச்சிய எடுத்து எனக்கு விளக்கமா படிச்சு சொல்ல சொன்னேன், ரெண்டு சாயங்காலம் உக்காந்து படிச்சோம். அது 2023 ஏப்ரல்ல ஜாமா இன்டர்னல் மெடிசின்ங்கற மருத்துவ பத்திரிகையில வந்தது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ கிளையில இருக்கற ஜான் அயர்ஸ்ங்கறவரும் அவர் கூட இருந்தவங்களும் பண்ணது. ரெடிட்னு ஒரு வெப்சைட்ல யார் வேணா உடம்பு பத்தி கேள்வி போடலாம், டாக்டர்தான்னு சரிபாத்து வச்சிருக்கற ஆளுங்க பதில் போடுவாங்க, காசு எல்லாம் கிடையாது. அங்க 2022 அக்டோபர்ல வந்த கேள்விங்கள்ல 195 கேள்விய எடுத்திருக்காங்க, டாக்டர் போட்ட பதில ஒரு பக்கம் வச்சுட்டு, அதே கேள்விய டிசம்பர் 22, 23 தேதியில சாட்ஜிபிடி கிட்ட கேட்டு அந்த பதில இன்னொரு பக்கம் வச்சிருக்காங்க, சாட்ஜிபிடி வெளிய வந்து அப்ப ஒரு மாசம் கூட ஆகல. எது யார் எழுதினதுன்னு சொல்லாம மருத்துவம் படிச்சவங்க கிட்ட குடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் மூணு பேரு, ஆக மொத்தம் 585 தடவ மார்க் போட்டிருக்காங்க. அதுல 78.6 சதவீதம் தடவ மிஷின் பதில்தான் பிடிச்சிருக்கு. தரம் நல்லா இருக்குன்னு மார்க் வாங்கினது டாக்டர் பதில்ல 22.1 சதவீதம், மிஷின் பதில்ல 78.5. கேக்கறவங்க மனசு புரிஞ்சு பரிவா எழுதி இருக்குன்னு மார்க் வாங்கினது டாக்டர்ங்க எழுதினதுல 4.6 சதவீதம்தான், மிஷின் எழுதினதுல 45.1.

இந்த கடைசி நம்பர கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, நூறு பதிலுக்கு அஞ்சு பதில் கூட பரிவா இல்லையா அப்படின்னு. ஆனா அதுக்கு அடுத்த பக்கத்துலயே இன்னொரு நம்பர் இருக்கு, அத உங்க கட்டுரையில விட்டுட்டீங்க. டாக்டர் பதில் சராசரியா 52 வார்த்தை. மிஷின் பதில் 211 வார்த்தை. அந்த 52 வார்த்தைய எழுதினவங்க யாரு, டியூட்டி முடிச்சுட்டு வீட்டுக்கு வந்தோ, ரெண்டு கேஸுக்கு நடுவுல டீ குடிக்கற நேரத்துலயோ, முகம் தெரியாத ஒருத்தருக்கு சம்பளம் இல்லாம போன்ல தட்டி விட்டவங்க. அதுல பல்குத்தற குச்சிய முழுங்கிட்டேன் செத்துடுவேனான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. டாக்டர் நேரா விஷயத்துக்கு வந்து, இந்நேரம் குடலுக்கு போயிருக்கும், பெரும்பாலும் தானா வெளிய வந்துடும்னு எழுதிட்டாரு. மிஷின் முதல் வரியிலயே நீங்க கவலைப்படறது இயல்புதான்னு ஆரம்பிக்குது, அப்புறம் பெரிய ஆபத்து வர வாய்ப்பு கம்மின்னு சொல்லுது, வயிறு வலிச்சா வாந்தி வந்தா உடனே போங்கன்னு சொல்லுது. சொன்ன விஷயம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அந்த முதல் வரிக்குத்தான் மார்க்.

அந்த முதல் வரி சின்ன விஷயம்னு நான் சொல்ல வரல, 29 வருஷம் அந்த முதல் வரிய சொல்லித்தான் நான் ஊசி போட்டிருக்கேன். பயந்து வர்றவங்களுக்கு "ஒண்ணும் இல்லமா, உக்காருங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா பாதி படபடப்பு இறங்கிடும், பிபி மெஷின்லயே அது தெரியும், முதல்ல 160 காட்டினது அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு திரும்ப பாத்தா 140ல நிக்கும். அதனால அந்த ஆராய்ச்சி சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, அத டாக்டர்ங்க கோவப்படாம எடுத்துக்கணும். ஆனா அந்த ஆராய்ச்சி சொல்லாதத நாமளா சேத்துக்கக் கூடாது. பதில்ல இருக்கற மருத்துவ தகவல் சரியா தப்பான்னு அவங்க தனியா பரிசோதிக்கல, அத அவங்களே எழுதி இருக்காங்க. மார்க் போட்டவங்களும் அந்த ஆராய்ச்சி குழுவுலயே இருந்தவங்கதான். நீளமா இருக்கற பதிலுக்கு மார்க் கூடி இருக்குமோங்கறதயும் அவங்களே யோசிச்சு பாத்திருக்காங்க. அவங்க கடைசியில கேட்டதும் டாக்டர தூக்கிட்டு ஏஐய வைங்கன்னு இல்ல, கொரோனா சமயத்துல இருந்து அமெரிக்காவுல டாக்டர்ங்களுக்கு நோயாளிங்க அனுப்புற மெசேஜ் 1.6 மடங்கு ஆயிடுச்சாம், பதில் எழுதி முடியல, மிஷின் ஒரு டிராஃப்ட் எழுதி குடுத்து டாக்டர் அத திருத்தி அனுப்பினா என்னன்னுதான் கேட்டாங்க. அதே சான் டியாகோ ஆஸ்பத்திரியில அத செஞ்சும் பாத்திருக்காங்க, 2024ல ரிசல்ட் வந்துச்சு, டாக்டர் அனுப்புற பதில் நீளம் சுமார் 18 சதவீதம் கூடுச்சு, ஆனா படிக்கற நேரம் சுமார் 22 சதவீதம் கூடிடுச்சு, பதில் எழுதற நேரம் குறையல. வேலைய குறைக்கும்னு கொண்டு வந்தது, வேலைய குறைக்கல.

நம்ம ஊருக்கு வருவோம். ஒரு டாக்டர் ஒரு நோயாளிய எத்தனை நிமிஷம் பாக்கறாங்கன்னு 67 நாட்டு கணக்க சேத்து 2017ல பிஎம்ஜே ஓபன்ங்கற பத்திரிகையில போட்டாங்க, ஸ்வீடன்ல 22 நிமிஷத்துக்கு மேல, பங்களாதேஷ்ல 48 செகண்ட், நம்ம நாட்டுல சுமார் 2 நிமிஷம். எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல. காலையில எட்டு மணிக்கு ஓபி சீட்டு போட ஆரம்பிச்சா ஒன்பது மணிக்கு டாக்டர் ரூம் வாசல்ல நூறு பேர் நிப்பாங்க, உள்ள ஒரு டாக்டர், ஒருத்தர் உக்காந்திருக்கும்போதே அடுத்தவர் முதுகுக்கு பின்னாடி நிப்பாரு, அவருக்கு பின்னாடி இன்னொருத்தர் கதவ பிடிச்சுட்டு நிப்பாரு. நான் வேலை பாத்த டாக்டர்ங்கள்ல ஈரமில்லாதவங்கன்னு சொல்லணும்னா ரெண்டு பேரு மூணு பேரு தேறும், மத்தவங்க எல்லாம் நல்ல மனசுக்காரங்க, ஆனா எழுபதாவது நோயாளிய பாக்கும்போது யாரா இருந்தாலும் குரல் வறண்டு போயிடும், நிமிந்து பாக்காம சீட்டு எழுதற நிலைமைதான்.

அப்படி ஒரு நாள் கல்யாணமாகி ஆறு மாசம் ஆன ஒரு பொண்ணு வந்துச்சு, 20, 21 வயசு இருக்கும். என்னம்மான்னு டாக்டர் கேக்கறாரு, அது பின்னாடி திரும்பி பாக்குது, அங்க நாலு ஆம்பளைங்க நிக்கறாங்க. வயித்து வலின்னு சொல்லிடுச்சு. டாக்டர் வயித்து வலி மாத்திரை எழுதினாரு. மாத்திரை கவுண்டருக்கு போற வழியில என் கைய பிடிச்சு, சிஸ்டர், வயித்து வலி இல்ல, வெள்ளைப்படுதல், மூணு மாசமா நாத்தம் வருது, அரிப்பு தாங்கல, அங்க எப்படி சொல்றதுன்னு அழுதுடுச்சு. அந்த பொண்ணு இன்னிக்கு இருந்தா ராத்திரி போர்வைக்குள்ள போன வச்சுகிட்டு ஏஐ கிட்ட கேட்டிருக்கும், அது முகம் சுளிக்காம பதில் சொல்லி இருக்கும், இது நிறைய பேருக்கு வர்றதுதான், டாக்டர் கிட்ட போனா குணமாக்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லைன்னு சொல்லி இருக்கும். அது நல்லதுதானே. அதே மாதிரி ஸ்கேன் ரிப்போர்ட்ல இருக்கற இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேக்கறது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி எது பின்னாடின்னு கேக்கறது, டாக்டர் கிட்ட போகும்போது என்னென்ன கேக்கணும்னு ஒரு லிஸ்ட் போட்டு தர சொல்றது, இதுக்கெல்லாம் என் பக்கத்துல இருக்கற பிள்ளைங்க அத யூஸ் பண்றாங்க, நானும் பண்ணி பாத்தேன், தமிழ்லயே தெளிவா சொல்லுது. வேணாம்னு நான் ஏன் சொல்லணும்.

ஆனா போன ஐப்பசியில எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்தத சொல்றேன், இதுக்காகத்தான் இந்த கடிதமே.

அக்காவுக்கு 58 வயசு, பதினோரு வருஷமா சுகர், மாத்திரை ஒழுங்கா போடுவாங்க. ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு அவங்க பையன் எங்க வீட்டு கேட்ட தட்டி, "சித்தி, வீட்ல ஓமம் இருக்கா"ன்னு கேட்டான். எதுக்குடான்னா அம்மாவுக்கு வாய்வு, ஏஐ கிட்ட கேட்டேன், சீரகத் தண்ணியோ ஓமத் தண்ணியோ குடிக்க சொல்லுது, சீரகம் குடுத்தாச்சு கேக்கலன்னான். கையில போன் வச்சிருந்தான், நான் வாங்கி பாத்தேன். அவன் தட்டினது என்னன்னா "அம்மாவுக்கு கேஸ் பிராப்ளம் ஏப்பம் வருது என்ன குடுக்கலாம்", அவ்வளவுதான். அதுக்கு வந்த பதில் அழகா இருந்துச்சு, உங்க அம்மாவ பத்தி நீங்க அக்கறை எடுத்துக்கறது நல்ல விஷயம்னு ஆரம்பிச்சு, சீரகம், ஓமம், இஞ்சி, வெதுவெதுப்பான தண்ணி, சாப்பிட்ட உடனே படுக்க வேணாம், கொஞ்சம் நடக்க சொல்லுங்கன்னு ஒண்ணு ஒண்ணா போட்டு, எல்லாத்துக்கும் கடைசியில, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தா உடனே டாக்டர பாருங்கன்னும் போட்டிருந்துச்சு. அந்த கடைசி வரி வரைக்கும் அவன் தள்ளி பாக்கல, பாத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது, ஏன்னா அக்கா அவங்களுக்கு நெஞ்சு வலின்னு நினைக்கவே இல்ல, வாய்வுன்னுதான் நினைச்சாங்க.

நான் ஓமத்த எடுத்துட்டு போகல, வெறும் கையோட போனேன். அக்கா வாசப்படியில உக்காந்து நிலைல சாஞ்சுருந்தாங்க. அன்னிக்கு மழை பேஞ்சு நல்ல குளிரு, அவங்க ஜாக்கெட் கழுத்துகிட்ட நனைஞ்சு இருந்துச்சு. கழுத்த தொட்டு பாத்தா ஜில்லுனு வேர்வை. எப்பக்கா ஆரம்பிச்சுதுன்னேன், சாயங்காலம் மாவு வாளிய தூக்கி வச்சப்ப ஒரு மாதிரி இருந்துச்சும்மான்னாங்க. நெஞ்சு வலிக்குதாக்கான்னேன், வலியெல்லாம் இல்லம்மா, வாய்வு மேல ஏறிகிட்டு அடைச்சுகிட்டு நிக்குது, ஏப்பம் விட்டா சரியாகும்ன்னாங்க. வேற எங்கயாவது வலிக்குதான்னேன், பல்லு தான் ரெண்டு நாளா வலின்னாங்க. எந்த பல்லுன்னு கேட்டா பல்ல காட்டல, கீழ் தாடைய முழுசா தடவி காட்டினாங்க, அங்க இருந்து இடது தோள் வரைக்கும்.

இத படிக்கற எந்த நர்ஸுக்கும் வயித்துல புளி கரைச்சிருக்கும். சுகர் ரொம்ப வருஷமா இருக்கறவங்களுக்கு, அதுலயும் பொம்பளைங்களுக்கு, ஹார்ட் அட்டாக் எப்பவும் சினிமால காட்டற மாதிரி நெஞ்ச பிடிச்சுட்டு வராது, சுகரால நரம்பு மரத்து போயிருந்தா வலியே சரியா தெரியாம போகலாம், தாடை இழுக்கறது, மூச்சு முட்டறது, குளிர்ல வேர்க்கறது, வாய்வு மாதிரி அடைக்கறதுன்னும் வரலாம். 108க்கு போன் போட சொல்லி, நாலு கிலோமீட்டர்ல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு (பிஹெச்சி) கொண்டு போனோம், ஈசிஜி எடுத்த உடனே அங்க இருந்த டாக்டரம்மா, சின்ன பொண்ணுதான், முகம் மாறிடுச்சு, லோடிங் டோஸ் குடுத்தாங்க, அதாவது முதல்ல ஒரே தடவையா குடுக்கற பெரிய அளவு மருந்து, ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின்னு கை நிறைய மாத்திரை. 2023 ஜூன்ல இதயம் காப்போம் திட்டம்னு கொண்டு வந்தாங்களே, அதனால இந்த மாத்திரை எல்லாம் பிஹெச்சிலயே இருக்கு, முன்னாடி எல்லாம் பெரியாஸ்பத்திரி போய் சேர்ற வரைக்கும் ஒண்ணும் குடுக்காம வண்டியில கூட்டிட்டு போவோம். அங்க இருந்து பெரியாஸ்பத்திரி, ரெண்டு நாள்ல இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சாச்சு. அக்கா இப்ப நல்லா இருக்காங்க.

நான் என்ன பெருசா பண்ணிட்டேன். நாலு கேள்வி கேட்டேன், கழுத்த தொட்டு பாத்தேன். அந்த ஏஐ தப்பா ஒண்ணும் சொல்லல, கேஸுக்கு என்ன குடுக்கலாம்னு கேட்டதுக்கு கேஸுக்கு என்ன குடுக்கணுமோ அத சொல்லுச்சு, அந்த பதில எடுத்துட்டு போய் யார் கிட்ட மார்க் கேட்டாலும் நல்ல மார்க்தான் போடுவாங்க, ஜாமா ஆராய்ச்சியில வச்சிருந்தா அதுவும் ஜெயிச்ச பக்கம்தான் போயிருக்கும். ஆனா கேள்விய போட்டவன் பையன், அவன் அம்மா சொன்னத சுருக்கி அவனுக்கு புரிஞ்சத தட்டினான், தாடைய விட்டுட்டான், சுகர விட்டுட்டான், வயச விட்டுட்டான், வேர்வைய அவன் பாக்கவே இல்ல. நோயாளி கேக்கற கேள்வியே பாதி நேரம் தப்பா இருக்கும் சார், அத திருப்பி கேட்டு சரி பண்றதுதான் வைத்தியத்துல முதல் வேலை. எங்களுக்கு டிரெயினிங்ல முதல் வருஷம் அதத்தான் சொல்லி குடுத்தாங்க, அவங்க சொல்ற நோய் பேர எழுதாத, அவங்களுக்கு என்ன பண்ணுதுன்னு கேட்டு எழுதுன்னு.

இது ஏதோ எங்க தெருவுல நடந்த ஒரு கதைன்னு நினைக்க வேணாம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துல 1298 பேர வச்சு பரிசோதன பண்ணி 2025ல வெளியிட்டாங்க, அக்கா மக தான் அதயும் எடுத்து காட்டினா. டாக்டர்ங்க எழுதி குடுத்த பத்து விதமான நோயாளி கதை, அத அப்படியே மொத்தமா ஏஐ கிட்ட குடுத்தா 94.9 சதவீதம் என்ன வியாதியா இருக்கலாம்னு சரியா சொல்லிடுது. அதே கதைய சாதாரண ஜனங்க கிட்ட குடுத்து, உங்களுக்கு இப்படி இருக்குன்னு வச்சுகிட்டு நீங்களே ஏஐ கிட்ட பேசி கண்டுபிடிங்கன்னு சொன்னா 34.5 சதவீதத்துக்கு கீழ போயிடுச்சு. ஏஐ இல்லாம வழக்கம் போல நெட்ல தேடி பாத்தவங்கள விட இவங்க எந்த விதத்துலயும் மேல இல்ல. மிஷினுக்கு அறிவு இருந்துச்சு, ஆனா அந்த அறிவுக்கு போய் சேர வேண்டிய தகவல் போய் சேரல, பாதி விஷயத்த சொல்லாம விட்டுட்டாங்க, பதில்ல அது சரியா சொன்னதயும் சில பேர் பிடிச்சுக்கல. எங்க பக்கத்து வீட்டு பையன் பண்ணது அதேதான், அங்க இங்கிலாந்துல படிச்சவங்களும் அதேதான் பண்ணி இருக்காங்க.

தமிழ்ல இது இன்னும் சிக்கல். நம்ம ஜனங்க உடம்ப பத்தி பேசற பேச்சே வேற. வாய்வுன்னா அது கேஸாவும் இருக்கலாம், முதுகு பிடிப்பாவும் இருக்கலாம், நான் சொன்ன மாதிரி ஹார்ட்டாவும் இருக்கலாம். சூடு பிடிச்சிருக்குன்னு வருவாங்க, கேட்டா ஒன்னுக்கு போனா எரியுதும்பாங்க, அது மாசமா இருக்கற பொண்ணா இருந்தா இளநீர் குடிக்க சொல்லி விட்டுட முடியாது, யூரின் டெஸ்ட் எடுக்கணும், இன்ஃபெக்‌ஷன் கிட்னிக்கு ஏறிடும். மயக்கமா வருதும்பாங்க, ஒருத்தருக்கு அது தலை சுத்தல், ஒருத்தருக்கு கண்ண இருட்டறது, ஒருத்தருக்கு நினைவே தப்பினது, ஒருத்தருக்கு காலையில இருந்து சாப்பிடாம சுகர் மாத்திரை போட்டதால சுகர் இறங்கினது. மயக்கம்னு தட்டினா மயக்கத்துக்கு பதில் வரும். எந்த மயக்கம்னு கேக்கணும்ல. கேக்க சொன்னா கேக்குது, அதயும் சொல்லிடறேன், "பதில் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட வேணுங்கற கேள்வி கேளு"ன்னு தட்டினா வயசு, வேற வியாதி, மாத்திரை எல்லாம் கேக்குது, நான் பாத்தேன். ஆனா பயத்துல இருக்கறவங்க யாரு அப்படி தட்டுவாங்க.

இன்னொண்ணு, 2025 ஆகஸ்ட்ல அமெரிக்க மருத்துவ பத்திரிகை ஒண்ணுல வந்த கேஸ். 60 வயசு ஆளு, உப்பு கெடுதல்னு படிச்சுட்டு சாப்பாட்டு உப்ப நிறுத்தணும்னு சாட்ஜிபிடி கிட்ட யோசனை கேட்டு, உப்புக்கு பதிலா சோடியம் புரோமைடுங்கற ரசாயனத்த நெட்ல வாங்கி மூணு மாசம் சாப்பிட்டிருக்காரு. அது உடம்புல ஏறி புத்தி பேதலிச்சு, பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு விஷம் வைக்கறாருன்னு ஆஸ்பத்திரிக்கு வந்து, மூணு வாரம் உள்ள இருந்து தேறி போயிருக்காரு. ஒரு டாக்டரோ நர்ஸோ இருந்திருந்தா முதல் கேள்வியே எதுக்குங்க உப்ப மாத்தறீங்கன்னு கேட்டிருப்பாங்க, அந்த கேஸ எழுதின டாக்டர்ங்களும் அதத்தான் எழுதி இருக்காங்க.

பொறுப்புன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. கொரோனா வந்த புதுசுல 2020 மார்ச்ல போன்ல வைத்தியம் பாக்கறதுக்கு மத்திய அரசு விதிமுறை போட்டாங்க, அதுல டாக்டர் தன்னோட பதிவு எண்ண நோயாளிக்கு தெரியற மாதிரி காட்டணும்னு இருக்கு. தப்பு நடந்தா அந்த நம்பர வச்சு மெடிக்கல் கவுன்சில்ல கேக்கலாம். பிஹெச்சியில லோடிங் டோஸ் குடுத்த அந்த சின்ன டாக்டரம்மா ஈசிஜி பேப்பர்ல கையெழுத்து போட்டுத்தான் குடுத்தாங்க, கை நடுங்குச்சு, ஆனா போட்டாங்க. சீரகத் தண்ணி குடிங்கன்னு சொன்ன பதிலுக்கு கீழ யாரு கையெழுத்தும் கிடையாது.

அதனால நான் டாக்டர்ங்களுக்கும் அரசுக்கும் கேட்டுக்கறது, இந்த 211 வார்த்தைய பாத்து கோவப்படாதீங்க, ஜனங்க எதுக்கு ஏங்கி போய் அங்க நிக்கறாங்கன்னு பாருங்க. ஓபிக்கு வர்றவங்கள டாக்டர் ரூமுக்கு விடறதுக்கு முன்னாடி ஒரு நர்ஸ் தனியா ஒரு ஸ்கிரீனுக்கு பின்னாடி உக்காந்து மூணு நிமிஷம் பேசி எழுதி அனுப்பினா அந்த பொண்ணு வயித்து வலின்னு பொய் சொல்ல வேண்டி இருக்காது, டாக்டருக்கும் அந்த ரெண்டு நிமிஷம் உருப்படியா போகும். நர்ஸ் போஸ்ட் காலியா கிடக்கற இடத்துல எல்லாம் ஆள் போடாம ஏஐ கொண்டு வரேன்னு யாராவது சொன்னா அத நான் ஒத்துக்க மாட்டேன். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல இருந்து வீட்டுக்கே வந்து பிபி சுகர் மாத்திரை குடுக்கறாங்க, அந்த பொண்ணுங்க கிட்ட ஜனங்க மனசு விட்டு பேசறாங்க, மாத்திரைய குடுத்துட்டு ஓடாம ரெண்டு வார்த்தை கேக்கறதுக்கு அவங்களுக்கு நேரம் குடுங்க. 104க்கு போன் பண்ணா உடம்பு பத்தி ஆலோசனை சொல்ல ஆள் இருக்காங்கன்னு எங்க தெருவுல பாதி பேருக்கு தெரியவே தெரியாது, அத பெருசா விளம்பரம் பண்ணுங்க.

ஜனங்களுக்கு சொல்றது, கேளுங்க, ஆனா நோய் பேர நீங்களே முடிவு பண்ணி தட்டாதீங்க, யாருக்கு, என்ன வயசு, வேற என்ன வியாதி, என்னென்ன மாத்திரை, எப்ப ஆரம்பிச்சுதுன்னு எல்லாத்தயும் தட்டுங்க, அவங்க சொன்ன வார்த்தையிலயே தட்டுங்க. நெஞ்சு அடைக்குது, வாய் கோணுது, ஒரு பக்க கை தூக்க முடியல, மூச்சு முட்டுது, குழந்தைக்கு ஜன்னி வருது, மாசமா இருக்கறவங்களுக்கு ரத்தம் படுது, பாம்பு கடிச்சிருக்கு, பூச்சி மருந்து குடிச்சுட்டாங்க, இப்படின்னா போன்ல தட்டற வேலையே வேணாம், 108ஐ கூப்பிட்டுட்டு வண்டி வர்ற பக்கம் போய் நில்லுங்க.

அக்கா பையன் இப்பவும் ஏஐ கிட்ட கேக்கறான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா கேட்டுட்டு போன எடுத்துகிட்டு எங்க வீட்டுக்கு வந்து "சித்தி, இது இப்படி சொல்லுது, சரியா பாருங்க"ன்னு நிக்கறான், கூடவே அம்மாவையும் மாத்திரை அட்டையையும் கூட்டிட்டு வர்றான். போன வாரம் அப்படி வந்தப்ப, ஸ்டென்ட் வச்சதுக்கு அப்புறம் குடுத்த ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய, பல் டாக்டர் கிட்ட போகணும்னு அக்கா தானாவே மூணு நாள் நிறுத்தி வச்சிருக்கறது தெரிஞ்சுது. அதயும் யாரும் கேக்கல, நான் அட்டைய எண்ணி பாத்தேன், மூணு மாத்திரை கூட இருந்துச்சு. அன்னிக்கே இதய டாக்டர் கிட்ட கூட்டிட்டு போனேன்.

ஆசிரியர் ஐயா, உங்க பேப்பர எங்க ஊர் டீக்கடையில பத்து பேர் சேந்து படிக்கறாங்க. அந்த கட்டுரைய திரும்ப போட்டீங்கன்னா, 52 வார்த்தை 211 வார்த்தைங்கறதயும், தகவல் சரியான்னு அதுல பரிசோதிக்கலைங்கறதயும் சேத்து போடுங்க. ஓரத்துல கட்டம் கட்டி 104, 108 ரெண்டு நம்பரும் போட்டா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.